அரம் பட்ட மெமரி

டைப்பக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். சாதாரணமாகப் பேசும்போது மூன்றாவது வீட்டு மாடிவரை கேட்கிற குரல் அது. பால் திரிந்துபோனதை அவள் சொன்னால் தெரு முழுக்கத் தெரியும். அந்தக் குரல் படிப்படியாக இறங்கி, எதிரே நிற்பவர் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டால், வீட்டில் இருப்பவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அவள் குரல் எங்கே போனது என்றே யாருக்கும் தெரியவில்லை. உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

டைப்பக்கா டைப் அடித்து வருஷக்கணக்காகிறது. கல்யாணத்துக்கு முன்பு தட்டச்சு படித்து ஒரு வக்கீல் ஆபீசில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட பெயர் அது. இப்போது அவள் செய்வது பக்கம் கட்டுகிற வேலை. பதிப்பகத்திலிருந்து எழுத்து தனியாகவும் படங்கள் தனியாகவும் வரும். எந்தப் படம் எந்த வரிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், தலைப்புக்கு மேலே எவ்வளவு வெற்றிடம் விட வேண்டும், பத்தியின் கடைசிச் சொல் மட்டும் அடுத்த பக்கத்துக்கு ஓடிப்போய் அநாதையாக நிற்காமல் எப்படி இழுத்துப் பிடிப்பது, எல்லாவற்றுக்கும் அவள் கண்தான் அளவுகோல். அவள் கட்டிய பக்கங்களைத்தான் பல பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வீட்டிலும் தெருவிலும் கேட்டுப் பாருங்கள், ஒரே பதில்தான் வரும்: "வீட்லயே உக்காந்து கம்ப்யூட்டர் பாக்குறாங்க."

பாக்குறாங்களாம்! டிவி பார்ப்பது மாதிரி.

அவள் கணவர் கதவு செய்கிறவர். தெருவில் அவருக்குக் கதவுக்காரர் என்றே பெயர். அவர் இழைப்புளியை எடுத்தால் வாசலெல்லாம் சுருள் சுருளாக மரச்சீவல் கிடக்கும். ரம்ப மிஷினை ஓட்டினால் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. அது வேலை. அவரை நடுவில் எழுப்பி "அந்த அடுப்பைக் கொஞ்சம் அணைச்சிடுங்க" என்று யாரும் சொல்வதில்லை. அக்காவின் வேலையில் சத்தமும் கிடையாது, குப்பையும் கிடையாது. ஆகவே அது உட்கார்ந்திருப்பது.

மாடிப்படிக்குக் கீழே, சமையலறைக்குப் போகிற வழியில், அவளுடைய மேசை. ஏதோ ஒரு ஆபீசை மூடியபோது விலைக்கு வந்த பழைய டெஸ்க்டாப் பெட்டி அதன் அடியில் இருக்கிறது. பக்கத்துத் தகடு நழுவி விழாமல் ஒரு ரப்பர் பேண்டு போட்டிருக்கும். மேசைமேல் வீட்டுச் சாவி, குடை, கதவுக்காரரின் அளவு டேப், யாருடையதோ சார்ஜர். இது உன் மேசை இல்லை என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லவே வேண்டாம், பொருளை வைத்துவிட்டுப் போனால் போதும்.

அந்த மாதம் அவள் கையில் இருந்தது நீர்ப்பறவைகளைப் பற்றிய ஒரு படப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் பெரிய பெரிய படங்கள். அந்தக் கோப்பைத் திறந்தால் பெட்டி பெருமூச்சு விடும். கொக்கை வலது பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினால், அக்கா போய்க் குக்கரை இறக்கிவிட்டு வரும்போதுதான் அது நகர்ந்திருக்கும். சில நேரம் நகராமல் அப்படியே உறைந்துவிடும். அணைத்துத் திரும்பப் போட்டால் காலையிலிருந்து செய்த வேலை காணாமல் போயிருக்கும்.

பதிப்பகத்துப் பொறுப்பாசிரியர் போனில் தெளிவாகவே சொல்லியிருந்தார். "மாசக் கடைசிக்குள்ள முழுசா வரணும்மா. முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க. நாலஞ்சு மிஷின் வச்சிருக்கிற ஆபீஸ் ஒண்ணு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கு. இது அங்க போச்சுன்னா மத்த புத்தகமும் அங்கதான் போகும். அப்புறம் என்னைக் கேட்டுப் பிரயோஜனமில்ல."

ஆக, பெட்டி சரியானால் வேலை இருக்கும். இல்லையென்றால் இந்தப் புத்தகம் மட்டுமல்ல, இனி வருகிற புத்தகமும் இல்லை.

நோய் என்னவென்று அக்காவுக்குத் தெரிந்தே இருந்தது. மெமரி போதவில்லை. கடையில் ராம் என்பார்கள். சீப்பு நீளத்துக்கு ஒரு பச்சைத் தகடு, அதன்மேல் கறுப்புச் சில்லுகள். பெட்டிக்குள் அதுதான் வேலை செய்கிற மேசை. மேசை சின்னதாக இருந்தால் ஒரு படத்தை மடித்து வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை விரிக்க முடியும். அவள் பெட்டியில் அதைச் சொருக இரண்டு இடம் உண்டு. ஒன்றில் பழைய தகடு இருந்தது. மற்றொன்று காலி. பொருத்தமாக இன்னொரு தகடு வாங்கிச் சொருகினால் தீர்ந்தது.

சாப்பிடும்போது அவள் பேச்செடுத்தாள். "என்னங்க, மிஷினுக்கு ஒரு ராம் வாங்கணும்."

"ராமா? அது யாரு?" என்றார் கதவுக்காரர்.

"மெமரிண்ணே" என்று சிரித்தார் கொழுந்தன். கதவுக்காரரின் தம்பி; செல்போன் கடையில் விற்பனையில் இருக்கிறார். மின்சாரக் கம்பி முளைத்திருக்கிற எந்தப் பொருளைப் பற்றியும் அந்தக் குடும்பத்தில் கடைசி வார்த்தை அவருடையது.

"ஞாபக சக்தியா? அப்ப எனக்கும் ரெண்டு வாங்குடா."

"அண்ணி, நீங்க விடுங்க, நான் பாத்துக்கிறேன். எங்க கடைக்குப் பக்கத்துலயே கம்ப்யூட்டர் கடை."

"இல்ல தம்பி, இது பழைய போர்டு. எது போகும்னு பாத்துத்தான் வாங்கணும். நான் உள்ள திறந்து பாத்துச் சொல்றேன்."

"அண்ணி, இது என்ன ரத்தமா, குரூப் பாத்து ஏத்துறதுக்கு? இருக்கிறதுலயே புதுசா வாங்கினா எல்லாத்துக்கும் போகும். அட்ஜஸ்ட் ஆயிடும்."

"அவன்தான் தெரிஞ்சவன், வாங்கிட்டு வரட்டும் விடு" என்று கதவுக்காரர் கையைக் கழுவ எழுந்துவிட்டார். பேச்சு முடிந்தது. அந்தப் பெட்டியின் முன்னால் நாளெல்லாம் உட்கார்கிறவள் வாயில் பாதி வாக்கியம் மிச்சமிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கதவுக்காரர் வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பு ஒரு பக்கம் பறந்தது. போன வருஷம் ஒரு பேங்க் ஆபீசர் வீட்டுக்கு முன்கதவு செய்து மாட்டியிருந்தார். மழையில் கதவு ஊதி, நிலையில் இடித்திருக்கிறது. வீட்டுக்காரர் இவரைக் கூப்பிடாமல், வேறு எதற்கோ வந்த ஆளை விட்டு விளிம்பைச் சீவிவிட்டார்.

"மரம்னா மழைக்கு ஊதும், வெயிலுக்கு இறங்கும்! கொஞ்ச நாள் பொறுத்தா தானா சரியாயிருக்கும். இப்பப் பாரு, காய்ஞ்சதும் விரல் நுழையுற சந்து. பூச்சி பொட்டெல்லாம் உள்ள வரும். எவன் செஞ்ச கதவுன்னு கேட்டா என் பேரைச் சொல்லுவான்! ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. பிசைந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அக்கா தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கும் நியாயமாகவே பட்டது. "செஞ்சவரைக் கேக்காம எப்படிங்க கை வைப்பாங்க?" என்றாள். மூன்றாவது வீட்டு மாடிக்குக் கேட்டது.

புதன்கிழமை அவள் மெய்ப்புப் பார்த்த பக்கங்களைக் கொடுக்கப் பதிப்பகத்துக்குப் போயிருந்தாள். மத்தியானம் கொழுந்தன் வாசலோடு வந்து ஒரு சின்னப் பெட்டியை அண்ணன் கையில் கொடுத்தார். "மாட்டுறது ஒண்ணும் பெரிய விஷயமில்லண்ணே. சொருகினாப் போதும். எனக்குக் கடைக்கு நேரமாச்சு."

கதவுக்காரருக்கு அன்று மத்தியானத்துக்கு மேல் வேலை இல்லை. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பெண்டாட்டி வருவதற்குள் மாட்டி, ஓடவிட்டு, அவள் முகம் மலர்வதைப் பார்க்க நினைத்தார். இது கோபத்தைக் குறைக்கிற விஷயமில்லை, கூட்டுகிற விஷயம். கெட்ட எண்ணமாக இருந்தாலாவது திட்டிவிட்டு நிம்மதியாகப் போகலாம்.

ரப்பர் பேண்டைக் கழற்றி, தகட்டை எடுத்து, உள்ளே எட்டிப் பார்த்தார். தம்பிக்குப் போன் போட்டார்.

"டேய், இதுல மதர்போர்டுங்கிறது எது?"

"பெருசா, பச்சையா இருக்கே, அதுதாண்ணே."

"போர்டுன்னா பலகைதானே? அப்புறம் என்ன, பலகையில எனக்குத் தெரியாததா!"

சொருகுகிற இடத்தைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகமே வந்துவிட்டது. அது காடி. ஒரு பலகையில் காடி வெட்டி இன்னொரு பலகையின் நாக்கை அதில் இறக்குவது அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. தகட்டின் அடி விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருந்தது. காடிக்கு நடுவில் அந்த வெட்டு வந்து உட்கார ஒரு சின்ன மேடு இருந்தது. வைத்துப் பார்த்தார். வெட்டும் மேடும் சேரவில்லை. நகக்கண் அளவு தள்ளியிருந்தது.

"வெட்டு கொஞ்சம் தள்ளி இருக்குடா."

"திருப்பிப் போட்டுப் பாருங்கண்ணே."

"போட்டேன். அந்தப் பக்கமும் இடிக்குது."

"டைட்டாதான் இருக்கும். நல்லா அழுத்துங்க. கஸ்டமர் நிக்கிறாங்கண்ணே, நீங்களே கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." போனை வைத்துவிட்டார்.

அட்ஜஸ்ட் என்ற வார்த்தைக்கு மற்றவர்கள் அகராதியில் என்ன பொருளோ, கதவுக்காரரின் தொழிலில் ஒரே பொருள்தான். இடிக்கிற இடத்தை ராவ வேண்டும். ரம்பத்துப் பல் தீட்டுகிற முக்கோண அரத்தை எடுத்தார். தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, அந்த வெட்டைப் பக்கவாட்டில் அகலமாக்கினார். அவர் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. பிசிறு தட்டாமல், வழவழவென்று ராவினார். தங்க நிறத்தில் தூள் கொட்டியது. வாயால் ஊதினார். காடியில் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் ஓங்கி அழுத்தினார். நறுக்கென்று உள்ளே போனது. திருப்தியாக இருந்தது. சுவிட்சைப் போட்டார்.

அக்கா தெருமுனையில் திரும்பும்போதே அந்தச் சத்தம் கேட்டது. நீளமாக ஒரு கூவல், ஒரு நிறுத்தம், மறுபடி நீளமாக. யார் வீட்டிலோ குக்கர் என்று நினைத்து நடந்தவள், தன் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தாள்.

கதவுக்காரர் தள்ளி நின்றிருந்தார். "அது கத்துது" என்றார், ஏதோ தெருநாயைப் பற்றிச் சொல்வது போல.

"யாரு திறந்தது?"

"உனக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு..."

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணினேன்."

மேசைமேல் அரம் கிடந்தது. பறவைப் புத்தகத்தின் அச்சுத் தாளில், நாரையின் கழுத்துக்குக் குறுக்கே தங்கத் தூள். அக்கா புதுத் தகட்டைக் கழற்றி எடுத்தாள். ராவிய வெட்டைப் பார்த்தாள். டார்ச்சை அடித்துக் காடிக்குள் பார்த்தாள். உள்ளே பல் வரிசையாக நிற்க வேண்டிய செப்பு முனைகள் ஒரு பக்கமாக மிதிபட்ட புல் மாதிரி சாய்ந்து கிடந்தன. பழைய தகட்டையும் எடுத்துத் துடைத்து, அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்து, அதன் இடத்திலேயே மறுபடி வைத்து, சுவிட்சைப் போட்டாள். குட்டியாக ஒரு சத்தம். திரை வந்தது. கோப்பும் இருந்தது. கொக்கு விட்ட இடத்திலேயே நின்றது.

பெட்டி சாகவில்லை. ஆனால் இரண்டாவது காடி செத்துவிட்டது.

அப்போதுதான் கொழுந்தன் உள்ளே நுழைந்தார். "என்ன அண்ணி, மிஷின் சும்மா பறக்குதா?"

"பறந்துடுச்சு" என்றாள் அக்கா.

"என்ன? கேக்கல அண்ணி."

கதவுக்காரர் தம்பியைப் பார்த்துக் கண்ணால் சைகை காட்டினார். அதற்குள் தாமதமாகிவிட்டது.

"இந்த வெட்டு எதுக்கு இருக்குன்னு நெனச்சீங்க ரெண்டு பேரும்?" அவள் ராவிய தகட்டைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு பேரும் குனிந்து காதைக் கொடுத்தார்கள்.

"தப்பா வெட்டியிருக்காங்கன்னு..." என்று இழுத்தார் கதவுக்காரர்.

"ஓ. ஊருலகத்துக்கெல்லாம் செஞ்சு விக்கிறவன் தப்பா வெட்டிட்டான், நீங்க திருத்திட்டீங்க."

"இல்ல..."

"என் போர்டு மூணாம் தலைமுறை. தம்பி வாங்கிட்டு வந்தது நாலாம் தலைமுறை. நீளம் ஒண்ணுதான். ஆனா எடுக்கிற கரண்ட் வேற, கம்பி ஓடுற விதம் வேற. ஒண்ணை ஒண்ணுல போட்டுடக் கூடாதுன்னுதான் வெட்டை இடம் மாத்தி வச்சிருக்கான். ஒண்ணும் தெரியாதவங்க கையிலகூடத் தப்பு நடந்துடக் கூடாதுங்கிற நல்ல எண்ணத்துல! இதுக்குப் படிக்க வேணாம், கடையில கேக்க வேணாம். போகலைன்னா போகாதுன்னு அர்த்தம். அதைப் போய் அரம் போட்டு ராவியிருக்கீங்க."

"அந்தக் கடைக்காரன் அட்ஜஸ்ட் ஆகும்னுதான் சொன்னான் அண்ணி."

"அது அட்ஜஸ்ட் ஆகாது தம்பி. இந்த வீட்ல அட்ஜஸ்ட் ஆகுறது நான் ஒருத்திதான். அதையே பாத்துப் பாத்து உங்களுக்கு எல்லாமே ஆகும்னு தோணிடுச்சு. குரூப் பாத்து ஏத்துறதுக்கு இது ரத்தமான்னு கேட்டீங்கல்ல? ரத்தம்தான். இப்பப் பாருங்க."

கொழுந்தன் வாசலைப் பார்த்தார். செருப்பு எங்கே விட்டோம் என்று யோசிக்கிற பார்வை.

அக்கா கணவர் பக்கம் திரும்பினாள். "நேத்து அந்த ஆபீசரை என்னன்னு திட்டினீங்க?"

"அது வேற..."

"சொல்லுங்க. எனக்கு மறுபடியும் கேக்கணும்."

கதவுக்காரர் அரத்தைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். பிசிறில்லாமல் வழவழவென்று இருந்த அந்த வெட்டு அவர் கைவேலைதான், வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. "அப்ப அந்த ஆளும் நானும் ஒண்ணுங்கிற" என்றார்.

"அவர் சீவவிட்டது மரத்தை. மரச்சட்டம் ஒட்டி அடைச்சிடலாம்னு நீங்களே சொல்லுவீங்க. நீங்க சீவினதை எதை வச்சு அடைக்கிறது?"

அன்று அந்த வீட்டில் யாரும் அவளிடம் டீ கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அக்கா தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டாள். போர்டின் பெயர் அதன்மேலேயே அச்சாகியிருந்தது. தூசியைத் துடைத்தால் தெரிகிற இடத்தில்தான். ஒருவரும் துடைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பெயரைப் போனில் தேடி, அந்தக் கம்பெனி போட்டிருந்த கையேட்டைப் பார்த்தாள். மூன்றாம் தலைமுறை, கடைப் பேச்சில் டிடிஆர் த்ரீ; நீளத் தகடு, ஒரு காடிக்கு எட்டு ஜிபிக்கு மேல் தாங்காது. இருந்தது நாலு. இரண்டு காடி இருந்தபோது ஒன்றைக் கூடச் சேர்த்தால் போதுமாயிருந்தது. இப்போது பிழைத்திருப்பது ஒன்றே ஒன்று. பழையதை எடுத்துவிட்டு எட்டு ஜிபியில் ஒரே தகடாகப் போட வேண்டும். அதுவும் ஒத்துப்போகாவிட்டால் வேறு வழி கிடையாது.

"கடைக்கு நானே போறேன். பெட்டியோட போறேன்" என்றாள்.

கதவுக்காரர் வண்டியை எடுத்தார். பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, கால் வைக்கிற இடத்தில் நிறுத்திக்கொண்டு போனார்கள். அவர் முழங்கால் இரண்டையும் விரித்து ஓட்டியதைப் பார்த்துத் தெருவில் சிரித்தார்கள். அவர் பதிலுக்குச் சிரிக்கவில்லை.

கடையின் கண்ணாடிக் கதவு தரையில் உரசிக் கீச்சிட்டது. கடைக்காரர் நிமிர்ந்து, அக்காவைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். "சொல்லுங்க சார், என்ன பாக்குறீங்க?"

"எட்டு ஜிபி மெமரி. டிடிஆர் த்ரீ, டெஸ்க்டாப்புக்கு" என்றாள் அக்கா.

"எந்த சிஸ்டம் சார்?" அப்போதும் பார்வை பின்னால்தான்.

கதவுக்காரர் தலையை ஆட்டினார். "நான் கதவுக்காரன். பெட்டி அவங்களது. உங்க கதவு அடியில தேயுது பாருங்க, அதுக்கு வேணும்னா என்னைக் கேளுங்க."

கடைக்காரர் வேறு வழியின்றி அக்காவைப் பார்த்தார். "இவ்ளோ பழைய போர்டு இப்ப யாரு மேடம் வச்சிருக்கா? மொத்தமா மாத்திடுங்களேன்."

"நான் வச்சிருக்கேன்."

"சரி, இந்தாங்க. இது எடுக்கும்."

"நிச்சயமா எடுக்குமா, இல்ல எடுத்தாலும் எடுக்குமா?"

"எடுக்கும் மேடம், தாராளமா."

"அப்ப இங்கயே போட்டுக் காட்டிடுங்க."

"பாக்கெட் பிரிச்சா நாங்க திரும்ப எடுக்க மாட்டோம் மேடம்."

அக்கா ஏதோ சொன்னாள்.

"என்ன மேடம்? கேக்கல."

கதவுக்காரர் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார். "சார், உங்க நல்லதுக்குச் சொல்றேன். கேக்கலைன்னா சொன்னபடி செஞ்சிடுங்க."

கடைக்காரர் பாக்கெட்டைப் பிரித்தார். வெட்டும் மேடும் கச்சிதமாகச் சேர்ந்தன. தகடு தானாகவே இறங்கி உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. பிறகு நீளமாக ஒரு கூவல். கதவுக்காரர் திடுக்கிட்டுத் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "இது என்னன்னா மேடம், வேற கம்பெனி பிராசசர் இருக்கிற போர்டுலதான் எடுக்கும். சிலது அப்படி."

"அது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்..."

"தெரிஞ்சேதான் எடுக்கும்னீங்களா?"

"பொதுவா யாரும் இப்படிப் பெட்டியைத் தூக்கிட்டு வந்து கேக்க மாட்டாங்க மேடம்."

இதைவிட ஒரு பதில் இருக்க முடியுமா! கேட்க மாட்டார்கள் என்பதால் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தகட்டை நம்பி வாங்கிப் போய், வீட்டில் கத்தவிட்டு, தன் பெட்டிதான் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதுப் பெட்டிக்குக் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேரோ! அக்கா தன் பழைய தகட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். ரெண்டு பக்கமும் சில்லு வைத்த தகடு. "இதே மாதிரி, இதே வேகத்துல, எட்டுல எடுங்க. தேடி எடுங்க. நான் நிக்கிறேன்."

கடைக்காரர் உள்ளே போனார். டப்பாக்கள் உருளுகிற சத்தம் கேட்டது. அதற்குள் கதவுக்காரர் கண்ணாடிக் கதவின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கீழ்க் கீலைத் தொடாமலே ஆராய்ந்துகொண்டிருந்தார். இருபக்கமும் சில்லு வைத்த ஒரு தகடு வந்தது. இறங்கி உட்கார்ந்தது. குட்டியாக ஒரு சத்தம். திரை வந்தது.

"போதுமா மேடம்?"

"போதாது." அவள் பறவைக் கோப்பைத் திறந்தாள். முழுப் புத்தகமும் மளமளவென்று விரிந்தது. கொக்கைப் பிடித்து வலது பக்கம் இழுத்தாள். உடனே நகர்ந்தது. இடது பக்கம் இழுத்தாள். வந்தது. அந்தக் கடையில் நின்றபடி அவள் கொக்கை இப்படியும் அப்படியும் நடத்திக்கொண்டிருந்ததைக் கடைக்காரர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு என்ன செய்வார்?

மாதக் கடைசிக்கு முன்பே பக்கங்கள் போய்விட்டன. பொறுப்பாசிரியர் போன் செய்தார். "நல்லா வந்திருக்கும்மா. ஆனா இவ்ளோ சீக்கிரம் முடிக்க முடியும்னா, நடுவுல ஏன் கஷ்டம் கஷ்டம்னு சொன்னீங்க?"

அக்கா பதில் சொன்னாள்.

"ஹலோ? லைன் சரியில்லையா? ஒண்ணும் கேக்கல. சரி, அடுத்த புத்தகம் நாளைக்கு அனுப்பி வைக்கிறேன், பாருங்க."

ராவிய தகட்டை அவள் கொழுந்தனிடமே கொடுத்துவிட்டாள். அவர் இப்போதெல்லாம் பல்பு வாங்கப் போனாலும், "குரூப் என்ன அண்ணி?" என்று கேட்டுவிட்டுத்தான் படியிறங்குகிறார். கிண்டல்தான். ஆனாலும் கேட்கிறார்.

கதவுக்காரர் மன்னிப்பு என்று எதையும் கேட்கவில்லை. அது அவர் வாயில் வராது. ஒரு வாரமாக ஓய்வு நேரத்தில் எதையோ இழைத்துக்கொண்டிருந்தார். அக்கா கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது, மாடிப்படிக்குக் கீழே பெட்டி இருந்த இடத்தைச் சுற்றிலும் பலகை அடைத்து ஒரு குட்டித் தேக்குக் கதவு போட்டிருந்தது. பித்தளைக் கீல், சின்னப் பூட்டு. மூடினால் காற்றுகூட நுழையாது. சாவியை அவள் கையில் கொடுத்து, "இனி எவனும் கை வைக்க முடியாது. நான் உள்பட" என்றார்.

அழகாகத்தான் இருந்தது. அக்கா தடவிப் பார்த்தாள், பூட்டினாள், திறந்தாள், வேலைக்கு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே விசிறி இரையத் தொடங்கியது. கதவைத் திறந்து பெட்டிமேல் கை வைத்தாள். தோசைக்கல்லாய்ச் சுட்டது.

"என்னங்க."

குரல் இறங்குகிறதோ என்று அவர் பயந்துகொண்டேதான் வந்தார்.

"இதுக்குள்ள காத்து எப்படிப் போகும்?"

"கதவுன்னா அடைக்கணும்ல?"

"கேட்டீங்களா?"

அவர் உள்ளே போய்த் துளை போடுகிற மிஷினை எடுத்து வந்தார். கதவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மிஷினை ஓட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"எங்க எங்க வேணும்னு நீயே போடு."

அக்கா குனிந்து கோடு போட்டாள். கீழே ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை. அவர் புள்ளி புள்ளியாக அந்தக் கோட்டின் மேலேயே துளைத்துக்கொண்டு போனார்.

"பின்பக்கமும் வேணும்! சூடு அந்தப் பக்கம்தான் வெளிய வரும்!" என்றாள் அக்கா. மூன்றாவது வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.